அளவைச் சொல்லாத அறை

கழுத்தின் உள்பக்கம் ‘இயல்பு’ என்ற சின்னத் துணிப்பட்டி தைத்த உடைகள் இன்று பல ஊர்க் கடைகளில் தொங்குகின்றன. அவற்றை வாங்கும் பெண்களுக்கு ஒரு விஷயம் தெரிய வழியில்லை. அந்த உடைகள் எல்லாமே முதலில் ஒரே ஒரு பெண்ணின் உடம்பில் போட்டுப் பார்த்து வெட்டப்பட்டவை. சின்ன அளவானாலும் பெரிய அளவானாலும் அந்த ஒருத்தியின் அளவிலிருந்து குறைத்தோ கூட்டியோ வந்தவைதான். அந்தப் பெண் எங்கள் முதலாளியம்மாவின் அக்கா. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்தவர்.

நான் அந்த நிறுவனத்தின் துணிக்கிடங்கைப் பார்த்துக்கொண்டவன். கம்பெனியின் கதையை எழுதித் தரச் சொல்லி முதலாளியம்மா கேட்டபோது, விளம்பரக்காரர்கள் எழுதிய பளபளப்பான புத்தகம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறதே என்றேன்.

“அதுல அக்கா ரெண்டு வரிதான் சார் வர்றா. நீங்க எழுதுங்க. என்னைக் காப்பாத்தி எழுதாதீங்க.”

அதனால் பார்த்ததைப் பார்த்ததாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் எழுதுகிறேன். இருவரும் என் மகள் வயதுள்ளவர்கள். ஆகவே இங்கே அக்கா, தங்கை என்றும், அவள் என்றும் எழுதுவதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

தங்கை ஆடை வடிவமைப்புப் படித்தவள். படிப்பு முடிந்ததும் ஒரு பெரிய ஆடை நிறுவனத்தில் சேர்ந்தாள். அங்கே எல்லா உடைகளும் காகிதத்தில் வரைந்த ஒரு பெண்ணுக்காகப் பிறந்தன. அந்தப் பெண்ணுக்குக் கழுத்து நீளம், வயிறு கிடையாது, உட்காரும் பழக்கமும் கிடையாது. கடைகளிலிருந்து திரும்பி வரும் உடைகளைப் பிரித்துப் பார்த்துக் காரணம் எழுதுவது தங்கையின் வேலை. அக்குள் பிடிக்கிறது; உட்கார்ந்தால் பொத்தான்களுக்கு நடுவே வாய் பிளக்கிறது; பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்தால் சட்டை இடுப்பை விட்டு ஏறுகிறது. எழுதி எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தாள். “உடம்பு அமைப்பு இல்லாதவங்க வாங்கினா நாம என்னம்மா பண்றது?” என்று அவர் கேட்டாராம்.

வீட்டுக்கு வந்தால் அக்கா கடையில் வாங்கிய புதுச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு பிரித்துத் தைத்துக்கொண்டிருப்பாள்.

“கடையில துணிதான் விக்கறாங்க. அதை உடுப்பா ஆக்கறது என் வேலை,” என்பாள் அக்கா.

அந்தப் பேச்சிலிருந்துதான் ‘இயல்பு’ பிறந்தது. தங்கை வேலையை விட்டாள். அக்கா வீட்டுப் பின்னறையில் ஒரு தையல் இயந்திரம், பழைய கதவை இரண்டு பெஞ்சுகளின் மேல் கிடத்திச் செய்த வெட்டுமேசை. பழைய நிறுவனத்திலிருந்து, உடைக்கு வடிவம் வரைந்து வெட்டும் பேட்டர்ன் மாஸ்டர் ஒருவர் கூட வந்தார். ஒல்லியான மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி, நாக்கு நுனியில் கிண்டல்.

உடைகளைப் போட்டுப் பார்க்கத் துணி திணித்த டம்மி ஒன்று வாங்கினார்கள். தங்கைக்கு அது ஒத்துவரவில்லை. “இதுக்கு மூச்சே வராது மாஸ்டர். மூச்சு விடாத ஆளுக்கு எது போட்டாலும் சரியாத்தான் இருக்கும்,” என்று அதை மூலைக்குத் தள்ளிவிட்டாள். சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும் அக்காதான் அவளுக்கு டம்மி. மாதிரி உடையைப் போட்டுக்கொண்டு அக்கா நிற்பாள், உட்காருவாள், குனிந்து செருப்பு வாரை மாட்டுவாள், இல்லாத பேருந்தின் இல்லாத கம்பியைப் பிடித்துத் தொங்குவாள்.

“எங்கயாவது பிடிக்குதாக்கா?”

“எங்கயும் பிடிக்கல. தும்மினா என்ன ஆகும்னு தெரியல.”

“தும்மு, பாப்போம்.”

“இந்தா, நீ ஆர்டர் குடுத்தா வர்றதுக்கு அது என்ன பொத்தானா?”

“மூக்குல விட நூல் தரட்டுமா?” என்பார் மாஸ்டர்.

ஆரம்ப காலத்தில் அளவெடுத்துத் தைத்தும் கொடுத்தார்கள். கல்யாணம் நிச்சயமான ஒரு பெண் வருங்கால மாமியாரோடு வந்தாள். தங்கை டேப்பைச் சுற்றிப் பிடிக்க, மாஸ்டர் வழக்கம்போல இடுப்பளவை உரக்கச் சொன்னார். மாமியார் புருவத்தை உயர்த்தி அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தார். தைத்த உடையை வாங்க அந்தப் பெண் வரவே இல்லை. அன்று தங்கை ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தாள். அளவெடுக்கும் அறையில் எந்த எண்ணையும் வாயால் சொல்லக் கூடாது. டேப்பில் கட்டைவிரல் நகத்தை வைத்து மாஸ்டரிடம் காட்ட வேண்டும். அவர் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.

“அளவு நமக்கு. அவங்களுக்கு உடுப்பு போதும்,” என்றாள்.

வாடிக்கைக்காரப் பெண்களுக்கு அந்த மௌனம் பெரிய ஆறுதலாக இருந்தது. அந்த அறைக்குள் நுழையும்போதே தோளை இறக்கிக்கொண்டு நிம்மதியாக நிற்பார்கள். அதைச் சொல்லியே பலர் தோழிகளை அழைத்து வந்தார்கள். அக்காவுக்கும் அந்த வழக்கம் பிடித்திருந்தது. “என் இடுப்பு எவ்வளவுன்னு எனக்கே தெரியாது. ஊர்ல பாதிப் பேர் அதைத்தான் மாட்டிக்கிட்டு அலையறாங்க,” என்று சிரிப்பாள்.

முதல் கடை வந்தது, இரண்டாவது வந்தது. பின்னறை போய், வரிசையாக இயந்திரங்கள் போட்ட ஒரு கூடம் வந்தது. நானும் அப்போதுதான் சேர்ந்தேன். கிடங்குக்கும் அளவெடுக்கும் அறைக்கும் நடுவே மேலே திறந்த அரைச்சுவர்தான். சாயங்காலமானால் அக்காவின் சிரிப்புச் சத்தம் துணிச்சுருள்களைத் தாண்டி வரும். கடைப் பைகளில் ‘உடுத்தியதை மறந்துவிடுங்கள்’ என்று அச்சடித்தார்கள். அக்காவால் மட்டும் மறக்க முடியாது. பேருந்தில் முன்னால் நின்ற ஒரு பெண் ‘இயல்பு’ சட்டை போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, அவள் தோளைத் தொட்டு, “இங்க லேசா இழுக்குதாம்மா?” என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாளாம்.

மூன்றாவது கடை திறந்த காலத்தில், அக்காவின் இடுப்பை அளக்கும்போது தங்கையின் கட்டைவிரல் டேப்பில் கொஞ்சம் தள்ளி விழத் தொடங்கியது.

வெளியாளுக்கு இது சின்ன விஷயம். இந்தத் தொழிலில் அப்படி இல்லை. அக்காவின் இடுப்பு ஒரு விரல் கூடினால் எல்லா அளவும் ஒரு விரல் கூடும். பல வருடமாக ஒரே அளவை வாங்குகிறவர்களுக்கு உடை தொளதொளக்கும். அன்று நான் புதுத் துணியின் மாதிரியைக் காட்ட அந்த அறையில் நின்றிருந்தேன்.

“அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?”

“கோச்சுக்கற மாதிரி சொன்னா கோச்சுப்பேன்.”

“வயிறு கொஞ்சம் போட்டிருக்கு. குறைக்கணும்.”

“வயசாகுதுடி பொடிசு. உனக்கும் வரும்.” தங்கையை அவள் எப்போதும் ‘பொடிசு’ என்றுதான் கூப்பிடுவாள்.

“வரட்டும். என் வயித்தை நம்பி யாரும் உடுப்பு வாங்கல. உன் அளவுதான் எல்லாருக்கும் அளவு.”

“அப்போ நான் ஒருத்தி பட்டினி கிடந்தா ஊரே இளைச்சிடுமா?”

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அக்கா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அளவு பார்த்து முடிந்ததும் வெட்டுமேசையைச் சுற்றி உட்கார்ந்து டீயும் தெருமுனைக் கடை இனிப்பு பன்னும் சாப்பிடுவது எங்கள் வழக்கம். மறு நாளிலிருந்து அவள் பன்னைத் தொடவில்லை.

“ஒரு கடி எடுத்துக்குங்க, ஒண்ணும் ஆகாது,” என்றார் மாஸ்டர்.

“வேணாம் மாஸ்டர். எனக்குப் பின்னால ஆயிரம் பேர் அதே இடுப்போட நிக்கிறாங்க.”

பிறகு ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டாள். இது அவள் கணவர் பின்னாளில் என்னிடம் சொன்னது. “கம்பெனி இடுப்புன்னு சொல்லிட்டு ஒரு சொம்புத் தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துடுவா சார். நான் என்ன சொல்லியும் கேக்கல.”

கைகள் இளைத்தன. கழுத்தெலும்பு தெரிந்தது. தோள் தையல் கீழே சரிந்தது. வயிறு மட்டும் குறையவில்லை. தங்கை மாஸ்டரிடம், “தோள்ல குறைங்க, இடுப்புல விடுங்க,” என்றாள்.

“ரெண்டும் ஒரே உடம்புக்கா?”

“ஒரே உடம்புக்குத்தான் மாஸ்டர். வயசு அப்படித்தான் வேலை செய்யும்.”

மாஸ்டர் தலையாட்டிவிட்டு வெட்டினார். அவருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை என்று பிறகு சொன்னார்.

பெரிய கண்காட்சி ஒன்று வந்தது. பல ஊர்க் கடைக்காரர்கள் வந்து ஆர்டர் கொடுக்கும் இடம். அதற்கு முந்தின நாள்வரை அதில் வைக்க வேண்டிய முக்கியமான கவுன் அக்காவின் உடம்பில் படியவில்லை. இடுப்பில் இறுகியது, தோளில் தொங்கியது. மாஸ்டர் குண்டூசி டப்பா எடுக்க வெளியே போயிருந்தார். அந்தச் சில நிமிடங்களில் அறையில் நடந்ததைத் தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்காவுக்கு அது நினைவில் இல்லை.

தங்கை இடுப்புத் தையலை முழுக்கப் பிரித்துவிட்டாள். மார்புக்குக் கீழே துணியை அள்ளி, இடது பக்கமாக ஒரு அகலமான மடிப்பு வைத்துப் பார்த்தாள். மடிப்பைப் பிடித்த கை அக்காவின் வயிற்றில் அழுந்தியது.

“வயித்தை இறுக்காதக்கா. தளர விடு.”

“தளர விட்டுத்தான் நிக்கிறேன்.”

“இறுக்கற. கல்லு மாதிரி இருக்கு.”

“உன் கைதான் கல்லு. சீக்கிரம் முடி, கால் வலிக்குது.”

“சரி, அசையாத.”

அந்த இடத்துக்கு மேலேயே மடிப்பை வைத்து ஊசி குத்தினாள். மடிப்பு தண்ணீர் வழிவதைப் போல விழுந்தது. அக்கா உட்கார்ந்தாள், எழுந்தாள், குனிந்தாள். எங்கேயும் பிடிக்கவில்லை. திரும்பி வந்த மாஸ்டர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார். மடிப்பு ஏன் இடது பக்கம் என்று கேட்டார். “அங்கதான் அழகா இருக்கு,” என்றாள் தங்கை.

“இது கொழுப்பு இல்லைன்னு ஒரு நினைப்பு வந்துச்சு சார்,” என்று பின்னாளில் என்னிடம் சொன்னாள். “ஒரு மூச்சு விடற நேரம்தான். அதுக்குள்ள மடிப்பு விழுந்துடுச்சு. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷம்தான் என்னால தாங்க முடியல.”

மடிப்பு கவுன்தான் ‘இயல்பு’ என்ற பெயரை எல்லா ஊருக்கும் கொண்டுபோனது. கிடங்கிலிருந்து வேறு எந்த உடைக்கும் அவ்வளவு துணி போனதில்லை. தினமும் அலுவலகம் போகிறவர்கள், பிள்ளை பெற்றவர்கள், மேடையில் பேசுகிறவர்கள் என்று எல்லோரும் வாங்கினார்கள். வயிறு என்று ஒன்று இருப்பதையே இந்தக் கவுன் மறக்கவைக்கிறது என்று ஒரு பத்திரிகையில் எழுதினார்கள். தங்கை அதை வெட்டிச் சுவரில் ஒட்டினாள். அக்கா நாலைந்து நிறத்தில் எடுத்துக்கொண்டாள். வேறு எதையும் போடுவதையே விட்டுவிட்டாள். வயிறு வளர வளர மடிப்பு விரிந்து இடம் கொடுத்துக்கொண்டே இருந்தது. அது வீட்டில் யார் கண்ணிலும் படவில்லை. அவள் கண்ணிலும் படவில்லை.

பள்ளிக்கூட மாடிப்படியில் ஒருநாள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். கணவர் ஊரில் இல்லை. தங்கைதான் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். அங்கே நடந்ததை இருவரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்.

டாக்டர் ஒரு பெண்மணி. வயிற்றில் கை வைத்து அழுத்தினார். முகம் மாறியது.

“இவ்வளவு பெருசாகற வரைக்கும் என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க? உடுப்பெல்லாம் இறுகியிருக்குமே?”

“இது இறுகவே இறுகாது டாக்டர்,” என்றாள் அக்கா, பெருமையோடு. “என் தங்கச்சி தைச்சது. எனக்குன்னு தைச்சது.”

டாக்டர் மடிப்பை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார்.

“நீங்கதானா அது? நல்லா தைச்சிருக்கீங்க. என்கிட்டயே ரெண்டு இருக்கு.”

சினைப்பையில் வளர்ந்த கட்டி. குடலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. புற்றாக மாறவும் தொடங்கியிருந்தது. முன்பே வந்திருந்தால் சின்ன அறுவைச் சிகிச்சையோடு முடிந்திருக்கும் என்றார் டாக்டர். இப்போது வயிற்றை நீளமாகக் கிழித்து, குடலிலும் ஒரு துண்டை எடுக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது. அக்கா வேலையை விட்டாள். உயிர் தங்கியது.

அந்த மாதங்களில் தங்கை கம்பெனிப் பக்கம் வந்தது குறைவு. அக்காவைக் குளிப்பாட்டுவது, வாந்தி எடுக்கும்போது தலையைப் பிடிப்பது, கொட்டின முடியைத் தலையணையிலிருந்து பொறுக்குவது எல்லாம் அவள்தான். பார்க்க வருகிற உறவுக்காரர்களிடம் அக்கா, “கூடப் பிறந்தவள்னா இப்படி இருக்கணும். இவ இல்லைன்னா நான் போய்ச் சேர்ந்திருப்பேன்,” என்பாள். அப்போதெல்லாம் தங்கை பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விடுவாளாம். ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவிக்கொண்டிருப்பாளாம். இதைச் சொன்னவர் அக்காவின் கணவர். அவர் அதைக் களைப்பு என்று நினைத்திருந்தார்.

அன்று கை பட்டதை அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று தங்கை தினமும் போவாள். போனதும், இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்று தோன்றும். தேறிய பிறகு, தேறினவளைப் போய் எதற்கு நோகடிப்பது என்று தோன்றும். சொல்லாத ஒவ்வொரு நாளும் அக்காவின் புகழ்ச்சியைத் திருடிச் சாப்பிடுகிற மாதிரி இருந்தது என்றாள்.

அந்த நேரம் பார்த்து, பல ஊர்களில் கடை வைத்திருக்கும் ஒரு பெரிய வியாபாரக் குழு மடிப்பு கவுனை எல்லாக் கடைகளிலும் வைக்கக் கேட்டது. தங்கை கையெழுத்துப் போடவில்லை. ஒரு காலை நேரே கிடங்குக்கு வந்தாள்.

“மடிப்பு கவுன் துணியை வெளிய விடாதீங்க சார்.”

“எவ்வளவு நாளைக்கும்மா?”

“தெரியல.”

இயந்திரங்கள் நின்றன. தைக்கும் பெண்கள் நூல் பிசிறு பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் என்னிடம் வந்து கத்தினார். பிறகு நேராக அக்கா வீட்டுக்குப் போய் முறையிட்டார்.

அக்கா அன்றே வாடகைக் காரில் வந்து இறங்கினாள். தலையில் துணி கட்டியிருந்தாள். நோய் வந்த பிறகு அவள் அந்த அறைக்குள் வருவது அதுதான் முதல் தடவை. மாஸ்டர் வெளியே நின்றுகொண்டார். நான் துணிச்சுருள்களுக்கு நடுவே இருந்தேன். அரைச்சுவர் எதையும் தடுக்கவில்லை.

“நல்லா ஓடற உடுப்பை ஏன்டி நிறுத்தின?”

“அது உடுப்பு இல்லக்கா.”

“பின்ன என்ன?”

“உன் கட்டி. அதுக்குத்தான் மடிப்பு வச்சேன்.”

“உளறாத. உனக்கு எப்படித் தெரியும்?”

“கை பட்டுச்சு. கல்லு மாதிரி இருக்குன்னு நானே சொன்னேன். சொல்லிட்டு அதுக்கு மேலயே ஊசி குத்தினேன்.”

அக்கா நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

“எப்போ?”

“கண்காட்சிக்கு முந்தின நாள்.”

“அப்பவே போயிருந்தா...” என்று அக்கா தொடங்கினாள். முடிக்கவில்லை. பிறகு பேசிய குரல் எனக்குப் பழக்கமில்லாத குரல்.

“கட்டியை நானும்தான் பாக்கல. என் வயிறு, எனக்கே தெரியல. அதுக்கு உன்னை என்ன சொல்ல? ஆனா பட்டினி போட்டியேடி. நீங்கல்லாம் அந்த மேசையில உக்காந்து பன் சாப்பிடுவீங்க. நான் தண்ணியக் குடிச்சிட்டு நிப்பேன். இவ்வளவு பட்டினி கிடந்தும் குறையலையே, நமக்குத் தெரியாமயே எதையாவது திங்கறோமான்னு என்னையே சந்தேகப்படுவேன். கேவலமா இருக்கும்.”

“அக்கா...”

“ஒரு தடவையாவது எவ்வளவுன்னு வாயைத் திறந்து சொன்னியா? ஏறிக்கிட்டே போகுதுன்னு காதுல விழுந்திருந்தா எனக்கே பயம் வந்திருக்கும். நான்பாட்டுக்கு எங்கயாவது காட்டியிருப்பேன்.”

“உன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான்...”

“மனசு! என் மனசுக்கு ஒண்ணும் ஆகல. இங்க பாரு, எங்க கிழிச்சிருக்காங்கன்னு பாரு.”

தங்கை அக்காவின் முழங்காலில் கை வைத்தாளாம். அக்கா தட்டிவிட்டாள் என்கிறாள் தங்கை. தட்டவில்லை, எடுத்து அவள் மடியிலேயே வைத்தேன் என்கிறாள் அக்கா. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு அது தெரியாது. இரண்டையும் எழுதிவைக்கிறேன்.

அதன் பிறகு அக்கா வரவில்லை. போன் செய்தால் கணவர் எடுப்பார். “தூங்கறாம்மா,” என்பார் தன்மையாக. எப்போது கூப்பிட்டாலும் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

தங்கை அளவெடுக்கும் அறைக்குள் தனியாக உட்கார்ந்து மடிப்பு கவுனைப் பிரித்தாள். மறுபடி தைத்தாள். மடிப்பை எடுக்கவில்லை. உள்ளே, இடுப்பைச் சுற்றி, இழுத்தாலும் நீளாத ஒரு நாடாவைப் பொருத்தி ஒரே ஒரு கொக்கி வைத்தாள். வெளியே துணி எப்படித் தளர்ந்து விழுந்தாலும் உள்ளே நாடா விட்டுக்கொடுக்காது. உடம்பு மாறினால் காலையில் கொக்கி மாட்டும்போதே தெரிந்துவிடும்.

“நிறுத்திட்டா மட்டும் என்ன சார்? ஏற்கெனவே வாங்கினவங்க வீட்ல தொங்குதே,” என்றாள். பழைய கவுனைக் கொண்டுவந்தால் நாடா தைத்துத் தரப்படும் என்று எல்லாக் கடையிலும் எழுதிவைத்தாள். சுவரில் ஒட்டியிருந்த பத்திரிகைத் துண்டைக் கிழித்தாள். பைகளில் இருந்த வாசகத்தை எடுத்தாள். வந்தவர்கள் ஏன் என்று கேட்டால், தான் இருக்கும் கடையில் தானே நின்று காரணம் சொன்னாள், கை பட்டது உட்பட. சிலர் கண் கலங்கினார்கள். ஒரு அம்மாள், “நீங்க உடுப்பு விக்கறீங்களா, பயத்தை விக்கறீங்களா?” என்று கேட்டுவிட்டு, கொண்டுவந்த கவுனைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். வியாபாரக் குழு, நாடா இல்லாமல் தந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. தங்கை மறுத்துவிட்டாள். விற்பனை இறங்கியது. பழைய உயரத்துக்கு அது இன்னும் வரவில்லை.

ஒரு சாயங்காலம் அக்கா சொல்லாமல் வந்தாள். தலையில் துணி இல்லை. குட்டையாக முடி வளர்ந்திருந்தது. கையில் ஒரு பை.

“பழைய கவுனுக்கு நாடா தைக்கறதா வெளிய எழுதிப் போட்டிருக்கு. எனக்குத் தைப்பீங்களா, இல்ல நாளைக்கு வரணுமா?” என்று மாஸ்டரைக் கேட்டாள்.

மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அக்கா உள்ளே போய்ப் பழையபடி நின்று கையைத் தூக்கினாள். தங்கை டேப்பைச் சுற்றினாள். நகத்தை வைத்தாள். கை பழகிய பழக்கத்தில் மாஸ்டர் பக்கம் திரும்பினாள்.

“அங்க ஏன் பாக்கற? இடுப்பு இங்க இருக்கு. எவ்வளவுன்னு சொல்லு.”

தங்கை ஏதோ சொன்னாள்.

“மாஸ்டருக்குக் கேக்கல.”

“கேட்டுச்சும்மா, கேட்டுச்சு,” என்றார் மாஸ்டர் அவசரமாக.

“நீங்க சும்மா இருங்க. சத்தமா சொல்லு.”

“முப்பத்தொண்ணு,” என்றாள் தங்கை. அது கிடங்கின் கடைசி வரிசைவரை கேட்டது. அந்த அறையிலிருந்து ஒரு எண்ணை நான் கேட்டது அதுவே முதல் தடவை. இன்று அங்கே யாருக்கு அளவெடுத்தாலும், வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் ஒழிய, உரக்கச் சொல்லித்தான் எடுக்கிறார்கள்.

நாடாவை வெட்டித் தைத்து முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அக்கா கவுனைப் போட்டுக் கொக்கியை மாட்டினாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், இல்லாத கம்பியைப் பிடித்தாள்.

“பிடிக்குதாக்கா?”

“பிடிக்குது.”

“கொஞ்சம் தளர்த்தட்டுமா?”

“வேணாம். இருக்கட்டும்.”

பிறகு வெட்டுமேசைக்கு வந்து உட்கார்ந்து, டீயும் பன்னும் கேட்டாள். தங்கையே தெருமுனைக்குப் போய் வாங்கிவந்தாள். அக்கா பன்னைப் பிய்த்து, டீயில் தோய்த்து, ஒவ்வொரு துண்டாகச் சாப்பிட்டாள். யாரையும் கூடச் சாப்பிடக் கூப்பிடவில்லை. கழுத்தில் டேப்போடு தங்கை பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்லி அக்கா சொல்லவில்லை. அவளும் உட்காரவில்லை. கடைசித் துண்டை விழுங்கியதும் அக்கா கையிலிருந்த தூளைத் தட்டிவிட்டு, அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

சொன்னபடி வந்தாள். இன்றும் வருகிறாள். ஒவ்வொரு தடவையும் அளவைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறாள், பன் சாப்பிடுகிறாள், மாஸ்டரைக் கிண்டல் செய்கிறாள். தங்கையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். ‘பொடிசு’ என்று மட்டும் அவள் கூப்பிட்டு நான் இன்னும் கேட்கவில்லை.